வில்ஃப்ரெட் கலந்த பச்சை

கண் டாக்டரிடம் போவதில்லை என்று வில்ஃப்ரெட் முடிவெடுத்துவிட்டார். அரண்மனையிலிருந்து ஆள் வந்து இழுத்தாலும் சரி, போவதில்லை.

நாட்டிங்ஹாமில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது ஒரே வேலை, நெப்போலியன் காலத்துப் பீரங்கிகளைத் தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவில் ஈயப் பொம்மைகளாக வாங்கி வர்ணம் தீட்டுவது. புரை எடுக்கிறேன் என்று கண்ணைக் கீறப் போய்ப் பார்வையே கெட்டுவிட்டால்? தூரிகை பிடிக்காத ஒரு மாலைநேரத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை மனைவியிடம் சொல்லவில்லை. வேறு சொன்னார்.

"எனக்கென்ன கேடு? கழுகுக் கண்ணு."

"அந்தக் கழுகுதான் நேத்து டீயில உப்பைப் போட்டுக் குடிச்சுது," என்றாள் எனிட்.

"பந்தயம் வச்சுக்குவோம். பிரெஞ்சுப் பீரங்கி எட்டு தீட்டுறேன். எங்க பொம்மைப் போர் கிளப்புல எவனாவது ஒரு குறை சொல்லட்டும், நீ சொல்ற டாக்டர்கிட்ட வர்றேன்."

"சரி."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. வில்ஃப்ரெட் அதை யோசிக்கவில்லை. கிளப் ஆட்கள் மரியாதைக்காரர்கள், வாய்விட்டுக் குறை சொல்லமாட்டார்கள். அதுதான் அவர் போட்ட கணக்கு.

பிரெஞ்சுப் பீரங்கி வண்டிக்கு ஆலிவ் பச்சை. இங்கிலீஷ் வண்டிக்கு நீலச் சாம்பல். கடையில் விற்கும் பச்சை அவருக்கு ஆகாது; தானே கலப்பார். இந்தமுறை ஏனோ மஞ்சளடித்தது. கொஞ்சம் நீலம் விட்டார். போதவில்லை. இன்னும் கொஞ்சம். கடைசியில், மனதிலிருந்த பச்சை வந்தேவிட்டது.

பக்கத்தில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த எனிட் எட்டிப் பார்த்தாள். "கோடெல்லாம் சுத்தமா வந்திருக்கு, கண்ணு." அது உண்மைதான்.

சனிக்கிழமை, கிளப்பின் போர்மேஜையைச் சுற்றி எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. இங்கிலீஷ் படைக்குத் தளபதியான நோரிஸ் வாய் நிறையப் புகழ்ந்தார். பிறகு எட்டையும் அள்ளித் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கியே, வில்ஃப். பெரிய மனசுப்பா!"

நோரிஸின் பழைய நீலச் சாம்பல் பீரங்கிகளோடு அவை கலந்து நின்றன. எது எதுவென்று வில்ஃப்ரெடுக்கே தெரியவில்லை. வாயைத் திறந்தார். 'அது பச்சை' என்றால் கண்ணின் குட்டு வெளிப்பட்டுவிடும். மூடிக்கொண்டார். பிரெஞ்சுத் தளபதியான அவர், அன்று முழுக்கத் தன் பீரங்கிகளாலேயே சுடப்பட்டுச் செத்தார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"யாரும் ஒரு குறையும் சொல்லல."

"தெரியும். நோரிஸ் போன் பண்ணி நன்றி சொன்னாரு."

வில்ஃப்ரெட் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"முதல் பீரங்கியிலயே உனக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"ம்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா, என் கண்ணையில்ல டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருப்பே?"

வில்ஃப்ரெட் தன் விரல்நுனியில் ஒட்டியிருந்த வர்ணத்தைச் சுரண்டினார்.

"பயமா இருக்கு எனிட். ஆபரேஷன்ல ஏதாவது ஆகிட்டா, அப்புறம் பிரெஞ்சுப் படைக்கு ஒரு பீரங்கிகூடத் தீட்ட முடியாதே."

"இப்ப மட்டும்?"