கேட்கும் திறனில் முதலிடம்

ஒரு காட்டில் கரடி நான்காவது முறையாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தது.

"குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல். மை நேம் இஸ் கரடி. மை ஃபாதர் நேம் இஸ் கரடி. மை ஹாபி இஸ் ஹனி."

எதிரே உட்கார்ந்திருந்த விலங்குகள் அதன் கண்களைப் பார்த்தன. மூன்று முறை தலையாட்டின. புன்னகைத்தன. பிறகு கைதட்டின. கை இல்லாதவை குளம்பால் தரையைத் தட்டின.

"எந்த மரத்துத் தேன்?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மைனா பாறையிலிருந்து தத்தி இறங்கி வந்தது. எல்லோரும் அதை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"குறுக்கே பேசறது யாரு?"

"நாந்தான் மிஸ். தேன்னு காதுல விழுந்துது. அதான்."

"ஒருத்தர் பேசும்போது நடுவுல பேசக் கூடாது. பேசி முடிச்ச பிறகும் பேசக் கூடாது. கைதான் தட்டணும். கேட்கும் திறன்ல உனக்கு இன்னைக்கும் சைபர். இதுல தமிழ் வேற பேசியிருக்கே. ஒத்தக் கால்ல நில்லு."

மிஸ் இதைத் தமிழில்தான் சொன்னது. ஆனால் அது மிஸ்.

முள்ளம்பன்றி ஒற்றைக் காலில் நின்றது. வகுப்பு தொடங்கிய பதினோரு நாட்களில் அது நான்கு காலில் நின்று படித்தது மொத்தம் அரை நாள் இருக்கும்.

வகுப்பு தொடங்கியதற்குக் காரணம் குட்டை. காட்டின் நடுவே இருந்த குட்டையைச் சுற்றிக் கோடைத் தொடக்கத்தில் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். விலங்குகள் தண்ணீர் குடிப்பதைச் சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து பார்ப்பதற்காக அங்கே ஒரு மேடை கட்டுவதாகத் திட்டம். விலங்குகள் வந்து கலக்கினால் தண்ணீர் அசுத்தமாகும் என்பதால் வேலி.

அந்தக் காட்டுச் சரணாலயத்துக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி ஒரு புலி. வெளிநாட்டு மிருகக்காட்சிசாலை ஒன்றில் பிறந்து வளர்ந்தது. அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். வேலி குறித்துக் குறை உள்ளவர்கள் வரும் வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நேரில் தெரிவிக்கலாம், ஆங்கிலத்தில் தெரிவிக்க வேண்டும் என்று வாகை மரத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

மைனா ஒரு கான்வென்ட் பள்ளியின் கூரையில் ஆறு வருடம் குடியிருந்தது. கூட்டுக்கு நேர் கீழே ஐந்தாம் வகுப்பு. ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை நடத்தத் தனக்குத் தகுதி உண்டு என்று அது சொன்னது. யாரும் மறுக்கவில்லை. மற்றவர்களின் கூட்டுக்குக் கீழே எதுவும் இருந்ததில்லை.

பேசும் திறனுக்கு ஐம்பது மதிப்பெண். கேட்கும் திறனுக்கு ஐம்பது. கேட்பது எப்படி என்பதை மிஸ் ஒரு தேக்கிலையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. கண்ணைப் பார். மூன்று முறை தலையாட்டு. சிரி. கைதட்டு.

இந்த வகுப்பில் சருகுமான் மட்டும் வேறு மாதிரி உட்கார்ந்திருந்தது. மற்றவர்கள் ஆங்கிலம் கற்க வந்திருந்தார்கள். அதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்.

முயல் அளவே உடம்புள்ள பிராணி அது. வகுப்பின் நாலாம் நாள் குட்டி போட்டது. ஐந்தாம் நாள் வகுப்புக்கு வந்துவிட்டது. குட்டைக்கு அடுத்தபடியாகத் தண்ணீர் இருப்பது இரண்டு மேடு தாண்டி ஓடையில். ஓடைக்கரையில் செந்நாய்கள். தினமும் குட்டியைச் சருகுகளுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு ஓடிப் போய், நாலு வாய் குடித்து, ஓடி வந்தது. நாலு வாய்த் தண்ணீருக்கு மடியில் எவ்வளவு ஊறுமோ அவ்வளவுதான் ஊறியது. குட்டியின் விலா எலும்புகளை எண்ண முடிந்தது.

வகுப்பு முடிந்ததும் முள்ளம்பன்றி காலைக் கீழே வைத்துவிட்டு அதனிடம் வந்தது.

"வாக்கியம் எதுவரைக்கும் வந்திருக்கு, தங்கச்சி?"

"'சார்' வரைக்கும் வந்துடுது அண்ணே. அதுக்கப்புறம் தொண்டை அடைச்சுக்குது."

"'சார்' வந்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஆபீசுல நிறையப் பேரு அதோட நிறுத்திடறாங்க."

"கிண்டல் பண்ணாதீங்க. காலு வேற நடுங்குது."

சருகுமான்களுக்குப் பயம் வந்தால் பின்னங்கால்கள் தாமாகத் தரையில் படபடவென்று தட்டும். பிறவிக் குணம். பயத்தில் தொண்டையில் சத்தம் வராத பிராணிக்கு இயற்கை அதைக் காலில் கொடுத்திருக்கிறது. வகுப்பில் கரடி எழுந்து நின்றாலே அதற்குக் கால் தட்ட ஆரம்பித்துவிடும். எல்லோருக்கும் முந்திக் கைதட்டுகிறது என்று மிஸ் அதைப் பாராட்டி நாற்பத்தொன்பது போட்டது. ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், முழு மதிப்பெண் யாருக்கும் போடுவதில்லை என்பது கான்வென்ட் வழக்கம்.

"மிஸ்கிட்டே சொல்லேன், அது கைதட்டல் இல்லேன்னு" என்றது முள்ளம்பன்றி.

"சொல்லிப் பார்த்தேன். என் கண்ணைப் பார்த்து மூணு தடவை தலையாட்டினாங்க."

வியாழக்கிழமை மிஸ் ஓர் அறிவிப்புச் செய்தது. கூட்டம் முடிந்ததும் தேறிய எல்லோருக்கும் சான்றிதழ் உண்டு.

"தண்ணி வருமா மிஸ்?" என்று பின்னாலிருந்து முள்ளம்பன்றி கேட்டது. கேட்டுவிட்டுத் தானாகவே ஒரு காலைத் தூக்கிக்கொண்டது.

"சர்டிபிகேட் வரும். லேமினேட் பண்ணி வரும். மழையில நனையாது. சேறு ஒட்டாது. கிழியாது."

"மழை பெஞ்சாத்தானே மிஸ் நனையறதுக்கு."

வெள்ளிக்கிழமை வாகை மரத்தடியில் கூட்டம் கூடியது. புலி ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதன் எழுத்தர் கொக்கு, ஒற்றைக் காலில் நின்றபடி குறிப்பு எடுத்தது. இதுவும் எங்கேயோ வகுப்பில் தமிழ் பேசியிருக்கிறது என்று முள்ளம்பன்றி நினைத்துக்கொண்டது.

முதலில் பேச்சுத் திறனில் முதலிடம் பெற்ற கரடி அழைக்கப்பட்டது. வேலியைப் பற்றிச் சொல்ல அதற்கு ஐந்து நிமிடம். கரடி நெஞ்சை நிமிர்த்தியது.

"குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல். மை நேம் இஸ் கரடி."

அப்பா பெயர் வந்தது. பொழுதுபோக்கு வந்தது. அதற்குமேல் கரடிக்குத் தெரியாது. ஆகவே மறுபடியும் காலை வணக்கம் சொன்னது. ஐந்து நிமிடத்தில் மூன்று தடவை தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. புலி அதன் கண்களையே பார்த்தது. மூன்று முறை தலையாட்டியது. புன்னகைத்தது. முன்பாதங்களைத் தட்டியது.

மைனா மிஸ்ஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நம்ம மெத்தட்! சாரும் இந்த கோர்ஸ் முடிச்சிருக்காரு!"

அடுத்து சருகுமான் வந்தது. பாறைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. புலியின் தாடைக்கு அடியிலிருந்த வெள்ளை மயிர்தான் அதற்குத் தெரிந்தது. ஓடைக்கரைச் செந்நாய்களை நினைத்துக்கொண்டது. ஒப்பிட்டுப் பார்த்தால் புலி சுத்தமாக இருந்தது.

"சார்" என்றது.

காடு காத்திருந்தது.

"சார், மை பேபி இஸ் தர்ஸ்ட்டி. ப்ளீஸ் ஓபன் த ஃபென்ஸ்."

முழு வாக்கியம். எங்கும் தடங்கலில்லை. குட்டி பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த மூச்சு அதில் போய்விட்டது. தண்டனையாகக் கூட்டத்திலும் ஒற்றைக் காலில் நின்றிருந்த முள்ளம்பன்றி நிலை தடுமாறி நாலு கால்களையும் ஊன்றியது.

புலி சருகுமானின் கண்களை ஆழமாகப் பார்த்தது. மூன்று முறை தலையாட்டியது. மூன்றாவதை அதிகாரி கொஞ்சம் அழுத்தியே ஆட்டினார் என்று கூட்டத்தில் யாரோ நெகிழ்ந்தார்கள். புலி புன்னகைத்தது. முன்பாதங்களைத் தட்டியது. பிறகு வீட்டிலிருந்தே எழுதிக் கொண்டுவந்திருந்த உத்தரவை எடுத்துப் படித்தது.

ஆங்கிலத்தில் படித்ததன் சாரம் இது: குட்டையின் வேலி இருக்கும். அடுத்த மாதம் ஓடைக்கும் வேலி போடப்படும்.

கூட்டத்தில் பாதிக்கு அது புரியவில்லை. மீதிப் பாதி புலியின் கண்களைப் பார்ப்பதிலும் தலையாட்டலை எண்ணுவதிலும் கவனமாக இருந்தது. எதையும் எண்ணாமல் காதைக் கொடுத்துக் கேட்ட சருகுமானுக்கும் முள்ளம்பன்றிக்கும் மட்டும் அது புரிந்தது. முதலில் குட்டை. அடுத்தது ஓடை. சருகுமானின் பின்னங்கால்கள் தாமாகத் தரையைத் தட்ட ஆரம்பித்தன. படபடவென்று, வகுப்பில் இதுவரை தட்டாத வேகத்தில்.

மைனா மிஸ் அதைக் கேட்டது. சருகுமான் எல்லோருக்கும் முந்திவிட்டது, வழக்கம்போல. பெருமையோடு தானும் சிறகுகளைத் தட்டியது. கரடி தட்டியது. காட்டெருமைகள் தட்டின. தரை அதிர்ந்தது.

"அது கைதட்டல் இல்ல! பயம்!" என்று முள்ளம்பன்றி கத்தியது. "தண்ணியை மொத்தமா மூடறாங்க! என்னான்னு கேட்டீங்களா? மை பேபின்னு சொன்னாளே, அதையாவது கேட்டீங்களா?"

புலி திரும்பி முள்ளம்பன்றியின் கண்களைப் பார்த்தது. பாஷை தெரியாவிட்டாலும் முழுவதும் கேட்டது. மூன்று முறை தலையாட்டியது. புன்னகைத்தது.

கொக்கு குறிப்பில் எழுதியது: வேலிக்கு ஆட்சேபணை ஏதுமில்லை. சருகுமான் அவர்கள் தொடங்கிவைத்த பலத்த கரவொலியுடன் உத்தரவு ஏற்கப்பட்டது. தமிழில் ஒருவர் இருமினார்.

சனிக்கிழமை சாயங்காலம் சான்றிதழ் விழா. பல காடுகளில் பணிபுரிந்திருந்தாலும் இவ்வளவு நன்றாகக் கேட்கும் விலங்குகளைப் பார்த்ததில்லை என்று புலி கடிதம் அனுப்பியிருந்தது. மிஸ் அதை இரண்டு தடவை படித்தது. கேட்கும் திறனில் முதலிடம் பெற்ற சருகுமானை முதலில் மேடைக்கு அழைத்தது. சான்றிதழ் அதைவிட அகலமாக இருந்தது. வழவழவென்று வெயில் பட்டு மின்னியது.

"ரெண்டு வார்த்தை பேசு" என்றது மிஸ்.

சருகுமான் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. கைதட்டினார்கள்.

கரடி நன்றியுரை ஆற்ற எழுந்தது. "குட் ஈவினிங் டு ஒன் அண்ட் ஆல். மை நேம் இஸ் கரடி."

எல்லோரும் அதன் கண்களைப் பார்த்தார்கள். சருகுமானின் இடது காது மட்டும் திரும்பியது. குட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். மண்ணைச் சுரண்டும் சத்தம். நிற்கும், மறுபடி தொடங்கும். சருகுமான் சுற்றிலும் பார்த்தது. தோல்வியடைந்தவர்களுக்கு விழாவில் இடமில்லை என்பதால் முள்ளம்பன்றி வந்திருக்கவில்லை.

சருகுமான் சான்றிதழை வாயில் கவ்விக்கொண்டு கூட்டத்திலிருந்து நழுவியது. வழியில் சருகுகளுக்கு அடியிலிருந்த குட்டியை மூக்கால் முட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனது.

வேலிக்கு அடியில் புது மண் குவிந்திருந்தது. குவியலில் இரண்டு முட்கள். பக்கத்தில் ஒரு பள்ளம். ஒரு முள்ளம்பன்றி நெளிந்து போகலாம். சருகுமான் தாராளமாகப் போகலாம். மறுபுறம் குட்டையோரத்தில் முள்ளம்பன்றி முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளத்தின் அடியில் தண்ணீர் கசிந்து சேறாகியிருந்தது. குட்டி ஒரு காலை வைத்தது. கால் புதைந்தது. பின்வாங்கிவிட்டது.

தூரத்தில் கைதட்டல் கேட்டது.

சருகுமான் சான்றிதழைச் சேற்றின்மேல் விரித்து முன்காலால் அழுத்தியது. குட்டி அதன்மேல் வயிறு பட வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

நீதி: சான்றிதழ் எதுவானாலும் லேமினேட் செய்து வாங்க வேண்டும்.