செவ்வாய்க்கிழமையை நான் அழித்த விதம்

வரப்போகும் செவ்வாய்க்கிழமையை ஒழித்தே தீருவது என்று தீர்மானம் போட்டேன். நானே முன்மொழிந்தேன், நானே வழிமொழிந்தேன். ஏகமனதாக நிறைவேறியது.

காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் வரும் அரசு விடுமுறைக்கு மறுநாள் மாற்று விடுமுறை கேட்டு, ஆலை வாசலில் பத்தொன்பது நாள் உட்கார்ந்தவன் நான். ‘ஞாயிற்றில் விழுந்த விடுமுறை களவுபோன விடுமுறை!’ என்ற துண்டறிக்கை என் எழுத்து. மறுநாளும் விடுமுறையாக இருந்தால் அதற்கடுத்த நாள் என்று சேர்த்ததும் நான்தான். இன்று அந்த நாளில் இழுத்துப் போர்த்தித் தூங்கும் பிள்ளைகளுக்கு, அதைக் கொடுத்தது செல்போன் என்று நினைப்பு. போகட்டும்.

அதே வேகத்தில் வீட்டிலும் ஓர் ஒப்பந்தம் போட்டேன். மாற்று விடுமுறை உட்பட எல்லா விடுமுறையிலும் அடுப்படி என் பொறுப்பு. மனைவிக்கு முழு ஓய்வு. என் கையெழுத்தோடு ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

இந்த முறை ஞாயிறும் அரசு விடுமுறை, திங்களும் அரசு விடுமுறை. ஆகவே செவ்வாய் மாற்று விடுமுறை. அன்றுதான் பழைய தோழர்களின் ஆண்டுக் கூட்டம். பதினோரு வருடம் காத்திருந்து எனக்குக் கிடைத்த தலைமை நாற்காலி!

மனைவியோ கேலண்டர் மென்பொருள் கம்பெனியில் விடுமுறைப் பட்டியல் பார்ப்பவள். எந்த நாட்டில் எந்த விடுமுறை எங்கே நகரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். எங்கள் இருவர் போனிலும் ஒரே கேலண்டர். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து என் போனைத் திறந்தேன். ‘மாற்று விடுமுறைகளைக் காட்டு’ என்ற கட்டத்தில் டிக்கை எடுத்தேன். செவ்வாயின் சிவப்பு மறைந்தது. ஓர் ஆட்சியையே கவிழ்த்த மாதிரி இருந்தது.

“ஏங்க, செவ்வாய்க்கிழமை எங்கயாவது போறீங்களா?”

“கூட்டம். வேலை நாள்தானே?”

“வேலை நாளா?”

“கேலண்டரைப் பாரு. வெள்ளையா இருக்கு.”

என் போனை வாங்கிப் பார்த்தாள். “அட, ஆமா! அப்போ அன்னிக்குச் சமையல்?”

“ஒப்பந்தப்படி உன் பொறுப்பு.”

“சரிங்க தோழரே.”

அந்த ‘சரி’யில் சுதாரித்திருக்க வேண்டும். ஒன்பது நிர்வாகங்களை எதிர்த்தவனுக்கு அவ்வளவு சுலபமாக யார் ‘சரி’ சொல்லியிருக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை. சலவைச் சட்டை, எட்டுப் பக்கப் பேச்சு. மண்டபத்துக்குப் போனால் பூட்டு. வாசலில் காவலாளி மட்டும்.

“இன்னிக்கு மாற்று விடுமுறைங்க. தெரியாதா? அந்தக் காலத்துல யாரோ போராடி வாங்கிக் கொடுத்தாராம். நல்லா இருக்கட்டும் மனுஷன்.”

வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் இருபத்தாறு ஜோடி செருப்பு. உள்ளே மொத்த இயக்கமும் உட்கார்ந்திருந்தது.

“வாங்க தோழரே!” என்றார் செயலாளர். “மண்டபம் பூட்டியிருக்கும்னு தங்கச்சி போன வாரமே போன் பண்ணிட்டாங்க. கூட்டத்தை இங்கயே வெச்சுக்கலாம், சாப்பாடும் உண்டுன்னாங்க. உங்களுக்கு அவங்களே சொல்லிக்கிறேன்னாங்க.”

மனைவியை ஓரமாக அழைத்தேன். “எப்போ கண்டுபிடிச்சே?”

“நீங்க டிக்கை எடுத்த நிமிஷமே. யார் எதை மாத்தினாலும் இன்னொரு போனுக்குத் தகவல் வரும். குளிச்சிட்டு வந்ததும் அதைத்தான் படிச்சேன்.”

“நாள்தான் போயிடுச்சே?”

“உங்க கண்ணுல இருந்துதான் போச்சு. நாள் அங்கேயேதான் இருக்கு.”

பிரமித்து நின்றேன். ஒரு கோஷம் இல்லை, ஒரு கொடி இல்லை. நான் எழுதிய விதியை வைத்தே என்னைச் சுற்றி வளைத்திருந்தாள். இவள் மட்டும் அன்று எங்களோடு இருந்திருந்தால், பத்தொன்பது நாள் எதற்கு? பத்தொன்பது நிமிடம் போதும்.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்த ஒப்பந்தத்தைச் செயலாளர் உரக்கப் படித்தார். கைதட்டினார்கள். மனைவி கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, பேச்சை வாங்கிக்கொண்டாள்.

“இருபத்தாறு பேருங்க. முதல்ல வெங்காயத்தை உரிங்க.”

“அப்போ தலைமை?”

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். “நீங்க எழுதின சட்டம்தான் தோழரே. ஒண்ணு கைவிட்டுப் போனா, மாற்று ஒண்ணு கொடுத்தாகணும்.”

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தலைமை நாற்காலியில் அமர்ந்து, என் எட்டுப் பக்கத்தை ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிய எதற்கும் அதுவரை அவ்வளவு கைதட்டல் விழுந்ததில்லை.