ராகுவுக்கே தெரியாத கிரகணம்

பத்திரிகையில் வேலை பார்த்தவன் எவனும் தன் பிழைகளில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வான். மீதியை அச்சுக்கோப்பவர் தலையில் கட்டிவிடுவான். நானும் அப்படித்தான். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருச்சியில் நான் பிடிக்க வைத்த சூரிய கிரகணத்தை மட்டும் யார் தலையிலும் கட்ட முடியவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு சின்னப் பத்திரிகையில் உதவி ஆசிரியன். (யாருக்கும் உதவியதாக நினைவில்லை.) இங்கிலீஷ் தந்திகளைத் தமிழாக்குவது என் வேலை. ஆவணி அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு ஒரு கிரகணத் தந்தி வந்தது. அதிலிருந்த லண்டன் நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டி, காலை பத்தரைக்குப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அச்சுக்கோக்கும் ராமையா வந்து நின்றார். "தம்பி, பத்தியிலே ரெண்டு வரி மிஞ்சுதுங்க. எதை எடுக்கட்டும்?"

"கடைசி ரெண்டு வரியை எடுத்துடுங்க" என்றேன்.

கிரகணம் தென் சமுத்திரத் தீவுகளில் தெரியும், இந்தியாவில் தெரியாது என்று அந்த இரண்டு வரியில்தான் இருந்தது. (சூரியன் ஒன்றுதானே, அங்கே மறைந்தால் இங்கே மட்டும் எப்படிப் பிரகாசிக்கும் என்பது என் வான சாஸ்திரம்.) கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்கு ஸ்நானமும் இல்லை, பட்டினியும் இல்லை என்பது ஸ்ரீரங்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஸ்ரீரங்கத்தில் கணக்கு வாத்தியார் நரசிம்மாச்சாரியாரின் பெண் கோமளா இருந்தாள். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்தும் ஆயிற்று. எனக்கு அவளைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அவள் அப்பாதான், பத்திரிகைக்காரனை நம்பிப் பெண்ணைக் கொடுப்பதா என்று பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த இதழை எடுத்துக்கொண்டு அவரிடமே ஓடினேன்.

"அடியேன் எழுதினது" என்று நீட்டினேன்.

"பஞ்சாங்கத்துல இல்லையே ஓய்!"

"லண்டன் தந்தி, ஸ்வாமி."

"பேஷ்! அப்போ பஞ்சாங்கக்காரன் கோட்டை விட்டுட்டான். அமாவாசையன்னிக்கு நீரும் அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு வாரும். ஸ்நானம் ஆனதும் நம்மாத்துல உட்கார்ந்து கல்யாணத்தைப் பேசி முடிச்சுடலாம்."

அன்று அவர் தனியாக வரவில்லை. என் பெருமையைச் சொல்லிச் சொல்லித் தெருவில் பாதியைக் கூட்டி வந்திருந்தார். விடியலிலிருந்து ஒருவர் வாயிலும் காப்பி படவில்லை. அன்றைய நட்சத்திரம் அவருடைய ஜன்ம நட்சத்திரம் என்பதால், தோஷம் கழிய சுலோகம் எழுதிய ஓலையை நெற்றியில் கட்டியிருந்தார். இடுப்பளவு காவேரியில் எல்லாரும் கிழக்கே பார்த்து நின்றோம்.

பத்தரை ஆயிற்று. சூரியன் கல்யாண வீட்டு கேஸ் விளக்குப் போல ஜொலித்தது. புகையேற்றிய கண்ணாடித் துண்டு ஒன்று கை மாறிக்கொண்டே போயிற்று.

"ஓரத்துல லேசாக் கறுத்திருக்கோ?" என்றார் ஒருவர்.

"அது கண்ணாடியில இருக்கற கரி" என்றார் பக்கத்தில் நின்றவர்.

பதினொன்று. "தந்தி தாமதமா வந்திருக்கும்" என்று யாரோ எனக்காகப் பரிந்து பேசினார். பதினொன்றரைக்கு வாத்தியார் ஓலையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக என் பக்கம் திரும்பினார். என் பத்து விரலும் ஊறிச் சுருங்கிவிட்டன. அப்படியே முங்கி உறையூர்ப் பக்கம் கரையேறிவிடலாமா என்றுகூட யோசித்தேன். (நீச்சல் தெரியாது.)

"ஸ்வாமி, இந்தியாவுல தெரியாதுன்னு தந்தியில இருந்தது. இடம் இல்லேன்னு அடியேன்தான் எடுக்கச் சொன்னேன்."

அவர் ஓலையை அவிழ்க்கவும் மறந்து கரையேறி விறுவிறுவென்று நடந்தார். கோமளா கைவிட்டுப் போனாள் என்றே நினைத்து, ஈர வேஷ்டியோடு பின்னால் ஓடினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாற்றமுது (ரசம்தான்) மணத்தது. சாதம், வாழைக்காய்க் கறியமுது, பாயசம் எல்லாம் தயார்.

"கிரகணத்தன்னிக்கு யாருடீ அடுப்பை மூட்டினது?" என்று கத்தினார்.

கோமளா உள்ளிருந்தே பதில் சொன்னாள். "நான்தான். பஞ்சாங்கத்துல இல்லேன்னு முந்தாநாளே சொன்னேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னேள்."

வாத்தியார் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நெற்றி ஓலை ஆடியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே விழுந்து சேவித்துவிட்டேன்.

"எழுந்திரும். நீர் எழுதறதைப் படிச்சுப் பார்க்க ஆத்துல ஒருத்தி வேணும். கோமளாவை அழைச்சுண்டு போம்" என்றார்.

தை மாதம் கல்யாணம். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் நேரமா என்று கேட்டுக் கடிதம் போட்டவர்கள் நாலு பேர்.

இன்றும் எந்தப் பேப்பரில் கிரகணம் என்று வந்தாலும், தெருவில் ஒருவரும் என்னிடம் கேட்பதில்லை. வாசலில் நிற்கிற என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மாமி, அடுப்பு மூட்டியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.