மெதுவாகப் போகிற ஸ்போர்ட்ஸ் கார்

"ஆறே செகண்டுல நூறைத் தொட்டுடும்ணே," என்றான் சின்னதுரை, சிவப்புக் காரின் முதுகைத் தட்டிக்கொண்டே.

"அது கெடக்கட்டும். மெதுவா போனா எவ்ளோ மெதுவா போவும்?" என்று கேட்டார் கோதண்டபாணி.

சின்னதுரை காரைத் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். விழுப்புரம் பைபாஸில் பன்னிரண்டு வருடமாகப் பழைய கார் விற்கிறவன் அவன். மைலேஜ் கேட்டவர்கள் உண்டு, நம்பரைக் கூட்டி ராசி பார்த்தவர்கள் உண்டு, டிக்கியில் எத்தனை மூட்டை மல்லாட்டைக் கடலை ஏறும் என்று விசாரித்தவர்கூட உண்டு. ஸ்போர்ட்ஸ் காரின் முன்னால் நின்று இப்படி ஒரு கேள்வி கேட்ட முதல் மனிதர் இவர்தான்.

கேள்வியில் நியாயம் இருந்தது. திண்டிவனத்தில் மாப்பிள்ளை அழைப்புக் கார் என்றால் கோதண்டபாணிதான். கூரையை வெட்டிய ஒரு வெள்ளைக் காரை வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாக ஊர் மாப்பிள்ளைகளையெல்லாம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம் விட்டவர். முன்னால் நாதஸ்வரம் நடக்கும், பின்னால் கார் நகரும். நாதஸ்வரம் நின்றால் காரும் நிற்க வேண்டும். அரை கிலோமீட்டர் தூரத்துக்கு முக்கால் மணி நேரம். அந்த வேகத்தில் எந்த இன்ஜினும் கொதிக்கும். போன ஆவணியில் வெள்ளைக் கார் நடுத்தெருவில் கொதித்து நின்றுவிட, மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக நடந்தே மண்டபம் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அந்தக் காரில் கோழி அடைகிறது.

இப்போது கல்யாணம் கோதண்டபாணியின் சொந்த வீட்டில். மகள் மலர்விழிக்குப் பார்த்திருந்த தணிகைவேல், விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர். நகை வேண்டாம், பைக் வேண்டாம் என்று சொல்லிவிட்ட தங்கமான பிள்ளை. ஒரே ஒரு ஆசையை மட்டும் மலரிடம் போனில் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை அழைப்பில் ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்து வரவேண்டும். மலரும் அப்பாவைக் கேட்காமலேயே சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஊருக்கெல்லாம் கார் விட்டவர் சொந்த மருமகனை நடக்கவிட்டால் அப்புறம் திண்டிவனத்தில் தலைகாட்ட முடியாது. கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. மனைவி அம்சா மட்டும் பேசாமல் குதிரை வண்டி பிடிக்கலாம் என்றாள். "குதிரை கொதிக்காதுங்க" என்பது அவள் வாதம். கோதண்டபாணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதித்துப் பார்த்துத்தான் வாங்குவது என்று நாதஸ்வர வித்துவான் சீனுவாசனையும் கையோடு அழைத்து வந்திருந்தார். பைபாஸை ஒட்டிய மண் பாதையில் சீனுவாசன் வாசித்தபடி நடப்பார், கார் பின்னால் வரும். இதுதான் டெஸ்ட் டிரைவ்.

சிவப்பு ஜப்பான் காரை ஓட்டிப் பார்க்க கோதண்டபாணியே உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, இறங்கினார் என்று சொல்ல வேண்டும். அவர் வயிறு ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் போவதா இந்தப் பக்கம் நிற்பதா என்று முடிவாகவே இரண்டு நிமிடம் பிடித்தது. சீனுவாசன் ஊர்வலத்துக்கு வாசிக்கிற மல்லாரியை ஆரம்பித்தார். கோதண்டபாணி ஆக்ஸிலரேட்டரைப் பெருவிரலால் தொட்டார். அவ்வளவுதான், கார் பாய்ந்தது. சீனுவாசன் நாதஸ்வரத்தோடு பக்கத்து மல்லாட்டைக் கொல்லைக்குள் குதித்தார்.

இரண்டாம் தடவை பிரேக்கையும் சேர்த்து மிதித்துப் பார்த்தார். கார் விக்கல் எடுத்தவன் மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்றாம் தடவை கிளட்சிலேயே பிடித்து, பத்து நிமிடம் ஊர்ந்தார். ராகத்துக்குப் பொருத்தமாகத்தான் போயிற்று. ஆனால் பதினோராவது நிமிடம் முன்பக்கத்திலிருந்து இட்லிப் பானை திறந்தது போல ஆவி கிளம்பியது.

சூடு தணியட்டும் என்று சின்னதுரை ஏதோ ஒரு பட்டனை அமுக்கினான். அது கூரையை மூடுகிற பட்டன். கூரை நிதானமாக எழும்பி வந்து கோதண்டபாணியின் உச்சந்தலையில் உட்கார்ந்தது. அதைத் திறக்க இன்னொரு பட்டனை அமுக்கினால் சீட் முன்னால் நகர்ந்து வயிற்றை ஸ்டியரிங்கோடு சேர்த்து நெருக்கியது. கடைசியில் மூன்று பேர் சேர்ந்து அவரை வெளியே உருவி எடுத்தார்கள். சட்டைப் பட்டன்களில் இரண்டு காரிலேயே தங்கிவிட்டன.

சீனுவாசன் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். "இனிமே கார் முன்னால போவட்டும். நான் பின்னால வாசிச்சிக்கினு வர்றேன்," என்றார்.

கோதண்டபாணிக்கு அழுகை வராத குறைதான். தனக்கு வேண்டியதைச் சின்னதுரையிடம் உடைத்தே சொல்லிவிட்டார். வேகம் வேண்டாம். சூடு ஆகக் கூடாது. புகை வரக் கூடாது. உறுமல் சத்தத்தில் நாதஸ்வரம் அமுங்கக் கூடாது. பார்க்க மட்டும் ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வேண்டும்.

சின்னதுரை தன் யார்டின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது.

"அண்ணே, நீங்க கேக்கறதுக்குன்னே ஒரு வண்டி கீது. மஞ்சக் கலரு, ஜெர்மன்காரன் பண்ணது. பாண்டியில ஒரு டாக்டரு வெச்சிருந்தாரு. அது கொதிக்கவே கொதிக்காது. வேணும்னா மயிலம் முருகன் மேல சத்தியம் பண்றேன்."

மயிலத்திலேயே பூஜை போட்டு, அங்கேயே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னான். சாமி பேரை எடுத்தவனைச் சந்தேகப்படுவது பாவம் என்று கோதண்டபாணி நினைத்தார்.

இரண்டு நாள் கழித்து மஞ்சள் கார் மயிலம் மலைக்கு லாரியில் வந்து இறங்கியது. பூஜை போடாத வண்டியின் சக்கரம் ரோட்டில் உருளக் கூடாது, அதனால்தான் லாரி என்றான் சின்னதுரை. இவ்வளவு ஆசாரமான புரோக்கரைக் கோதண்டபாணி பார்த்ததே இல்லை. குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், சந்தனம் தெளித்தார். மஞ்சள் நிறத்தில் சந்தனம் எடுப்பாகத் தெரியவில்லை என்றாலும் பார்க்க லட்சணமாக இருந்தது.

கோதண்டபாணி முறைப்படி பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த அலமாரி மாதிரி இருந்தது.

"இன்ஜின் எங்கப்பா?"

"இந்த மாடலுக்கெல்லாம் இன்ஜின் பின்னாலதான்ணே. இது பெட்டி வெக்கிற எடம். உங்களுக்குத் தெரியாததா?"

முப்பது வருட டிரைவர் அதற்கு மேல் கேட்டால் மரியாதை இல்லை. "அது தெரியும், சும்மா கேட்டேன்," என்று சொல்லி, பின்பக்கமாகப் போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தார்.

இந்த முறை அவர் உள்ளே உட்காரவில்லை. சிவப்புக் கார் தின்ற பட்டன்களுக்குப் பதிலாக அம்சா தைத்துக் கொடுத்த பட்டன்கள் கறுப்பு நிறத்தில் இருந்தன, அவையும் போனால் நன்றாக இருக்காது. சின்னதுரை கூடவே அழைத்து வந்திருந்த டிரைவர் முருகையன், கையுறையெல்லாம் போட்டுக்கொண்டு ஏறினான். சீனுவாசன் பள்ளத்தில் குதிக்கத் தோதாகச் சாலை ஓரத்தில் நின்று வாசிக்கத் தொடங்கினார்.

கார் நகர்ந்தது. சத்தமே இல்லை. மலையிலிருந்து இறங்குகிற பாதையில் சீனுவாசன் ஓரடி வைத்தால் கார் ஓரடி வைத்தது. அவர் நின்று மூச்சு வாங்கினால் அதுவும் நின்றது. பாதி தூரம் போனதும் சீனுவாசன் தைரியமாக நடுரோட்டுக்கே வந்து, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அடிவாரத்தில் கார் நின்றதும் கோதண்டபாணி ஓடிப்போய் முன்னால் கையை வைத்தார். ஜில்லென்றிருந்தது. பின்னால் வைத்தார். அங்கேயும் மண்பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்றிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்யா," என்றார்.

சமதளத்திலும் கொஞ்சம் ஓட்டிக் காட்டச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் ராகுகாலம் ஆரம்பிக்க இரண்டே நிமிடம் இருப்பதாகவும், பூஜை போட்ட வண்டி அந்த நேரத்தில் ஓடக் கூடாது என்றும் சின்னதுரை சொல்லிவிட்டான். கார் மறுபடி லாரியில் ஏறியது. அந்த இடத்திலேயே வெற்றிலை பாக்கு மாற்றி விலை பேசி முடித்தார்கள். கல்யாணம் முடியும் வரை முருகையன் இனாமாக வந்து ஓட்டித் தருவதாகவும் ஏற்பாடு. வெளிநாட்டு வண்டி, புதுக் கை பட்டால் கோபித்துக்கொள்ளுமாம்.

வீட்டில் அம்சா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினாள். "ஏங்க, ஓடுற வண்டிய எதுக்கு லாரியில வெச்சிக்கினு அலையிறானுங்க?"

"நீ பட்டுப்புடவைய தெனமும் கட்டிக்கினு மாவு அரைக்கிறியா?" என்று கேட்டார் கோதண்டபாணி. அம்சா மாவு அரைக்கப் போய்விட்டாள். ஆனாலும் குதிரை வண்டிக்காரனின் நம்பரை அவள் அழிக்காமல்தான் வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் ஆறு மணிக்கே பிள்ளையார் கோயில் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. லாரியில் வந்து இறங்கிய, கூரை திறந்த மஞ்சள் காருக்குச் சம்பங்கியும் ரோஜாவும் போர்த்தியிருந்தார்கள். அங்கேதான் முதல் சிக்கல். காரின் உயரத்துக்கு மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்தால் ஊருக்கு அவர் தலைப்பாகை மட்டும்தான் தெரிந்தது. இரண்டு தலையணை வைத்தார்கள், மூக்கு வரை தெரிந்தார். நான்கு வைத்தார்கள், மாப்பிள்ளை சரிந்து முருகையன் மடியில் விழுந்தார். கடைசியில் சீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஜமக்காளம் விரித்து, சாமியை ஏற்றுவது போல ஏற்றி உட்கார வைத்தார்கள்.

அடுத்தது லைட். ஜெனரேட்டர்காரன் மண்ணாங்கட்டி, மூன்று ஆட்களோடு தள்ளுவண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அதைத் தள்ளி நிறுத்தச் சொன்னார் கோதண்டபாணி, புது வண்டியில் இடித்துவிடப் போகிறதே என்று. ஆனால் முருகையன் அவரைத் தனியாக அழைத்து, ஒயர் இழுபடும், ஒட்டியே வரட்டும், இடிக்காமல் இருக்க நடுவில் பழைய டயர் கட்டிவிடலாம் என்றான். என்ன பொறுப்பான பையன் என்று கோதண்டபாணி நெகிழ்ந்துபோனார். முருகையன் மண்ணாங்கட்டியிடம் போய் அதை விளக்கமாகவே சொல்லிக்கொண்டிருந்தான்.

சீனுவாசன் நாதஸ்வரத்தை எடுத்தார். கார் கிளம்பியது.

அப்படி ஓர் ஊர்வலத்தைத் திண்டிவனம் அதற்கு முன் பார்த்ததில்லை. கார் குலுங்கவில்லை, திணறவில்லை. ராகம் இழுத்தால் இழுத்தது, தவில் முடுக்கினால் கொஞ்சம் முடுக்கியது. தேரடி முனையில் மட்டும் வேகத்தடை குறுக்கிட்டது. கோதண்டபாணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து மண்ணாங்கட்டியின் ஆட்கள் "ஏலேலோ" போட்டு ஜெனரேட்டரைத் தள்ளுகிற சத்தம் கேட்டது, காரும் நோகாமல் ஏறி இறங்கியது. அவர் முன்னால் நடந்துகொண்டே, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மொட்டை மாடிகளில் நின்றவர்கள் கையைத் தட்டினார்கள். முக்கால் மணி நேரம் போனது தெரியாமல் போனது.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டு ஏந்திய பெண்களுக்குப் பின்னாலிருந்து மலர் எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை தணிகைவேல் காரிலிருந்து இறங்கி நேராக மாமனாரிடம் வந்தார்.

"மாமா, கார்ல வந்த மாதிரியே இல்ல. தெப்பத்துல வந்த மாதிரி இருந்திச்சி," என்றார்.

கோதண்டபாணிக்கு அதைவிட என்ன வேண்டும்? அம்சாகூட அவர் பக்கத்தில் வந்து நின்று, போனை எடுத்து, குதிரை வண்டிக்காரன் நம்பரை அவர் கண் முன்னாலேயே அழித்தாள். சின்னதுரை வந்து மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, பந்தியில்கூட உட்காராமல், அவசர வேலை என்று முருகையனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பாவம், தொழில் தெரிந்தவர்களுக்கு ஓய்வு ஏது?

பந்தி முடிவதற்குள் மூன்று பேர் வண்டிக்குத் தேதி சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவர் பக்கத்து ஊரான பிரம்மதேசத்துப் பெரிய புள்ளி, கையிலேயே அட்வான்ஸைத் திணித்துவிட்டுப் போனார். சந்தோஷம் தாளாமல் கோதண்டபாணி வாசலுக்கு வந்தார். மண்ணாங்கட்டியும் அவன் ஆட்களும் வேர்த்து விறுவிறுத்து, ஜெனரேட்டர் வண்டியில் சாய்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த மாதம் பிரம்மதேசத்து ஊர்வலத்துக்கும் இதே கார், இதே நாதஸ்வரம், இதே ஜெனரேட்டர்தான் என்று பெருமையாகச் சொன்னார்.

மண்ணாங்கட்டி சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"தாராளமா வர்றேன்ணே. ஆனா பிரம்மதேசத்துல ஏரிக்கரை மேடு ஒண்ணு கீது. இன்ஜின் இல்லாத வண்டிய அதுல தள்ளி ஏத்தணும்னா நாங்க நாலு பேரு பத்தாது, ஆறு பேரா இட்டுக்கினு வர்றேன்."