என் பக்கத்தில் நின்ற ஆள்

யாராவது "எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும்" என்றால், அந்தக் "கொஞ்சம்"தான் எனக்குப் பயத்தைக் கொடுக்கும். ஒன்றுமே தெரியாதவர்கள் எதையும் தொடமாட்டார்கள். நன்றாகத் தெரிந்தவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். நடுவில் இருப்பவர்கள்தான் குடும்பத்தைக் கவிழ்ப்பவர்கள். இருபத்து மூன்று வயதில் நான் அந்த நடுவில் இருந்தேன். (நடுவில் என்ன, நட்ட நடுவில்.)

ஃபிலிம் ரோல் மெல்லப் போய் டிஜிட்டல் கேமரா வந்துகொண்டிருந்த காலம் அது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை ஒன்றுக்காக, கோச்சடையில் எங்கள் வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரில் டிசைன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பத்திரிகை போட்டது போதும், நம் வீட்டுக்கு ஒன்று போடலாம் என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. தரகர் சண்முகம் வந்தார். பெண்ணின் முழு உருவப் படம் ஒன்று வேண்டும் என்றார்.

என் தம்பி, நண்பனின் கேமராவை வாங்கிவந்து மொட்டை மாடியில் என்னை நிறுத்தி எடுத்தான். கேமரா என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருக்கிறது. தொட்டியின் மேல் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைக்கூடப் படிக்க முடிந்தது. நான் மட்டும் கலங்கலாக நின்றேன்.

"என்னடி இது, தொட்டிக்கா மாப்பிள்ள பாக்குறோம்?" என்றாள் அம்மா.

இன்னொரு படம் எடுத்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். நான் விடவில்லை. "எதுக்கும்மா? சாஃப்ட்வேர்ல போட்டு நானே மூக்கும் முழியுமா ஆக்கிக் காட்டுறேன் பாரு" என்று சவால் விட்டேன்.

படத்தைத் திறந்து "ஷார்ப்பன்" என்பதை அழுத்தினேன். கொஞ்சம் தேவலை. மறுபடி அழுத்தினேன். சாம்பாரில் உப்புப் பத்தவில்லை என்று போட்டுக்கொண்டே போவது போல, ருசி பார்த்து ருசி பார்த்து அழுத்தினேன். கடைசியில் கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. குறைக்க வழி தேடியபோது அதே வரிசையில் "அன்ஷார்ப் மாஸ்க்" என்று ஒன்று கண்ணில் பட்டது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "அன்" என்றால் இல்லை. ஆக, அன்ஷார்ப் என்றால் கூர்மையைக் குறைப்பது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

உண்மையில் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஷார்ப். பெயர் வைத்த மகராசன் யாரோ, என் ஜாதகத்தில் அவனுக்கும் ஒரு கட்டம் இருந்திருக்கிறது. நான் குறைப்பதாக நினைத்துக்கொண்டு ஏற்றினேன். குறையவில்லையே என்று இன்னும் ஏற்றினேன். எங்கள் மானிட்டரோ, வெள்ளைச் சட்டையையே சந்தன நிறத்தில் காட்டும் மங்கல் மானிட்டர். அதில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

பிரிண்ட் வந்தது. அம்மா கழுத்துச் சங்கிலி பளிச்சென்று தெரிகிறதா என்று பார்த்தாள். அப்பா நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். நான் என் மூக்கைப் பார்த்தேன். மூன்று பேருமே திருப்தியாகிக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டோம். தலைமுடியில் தொடங்கி சேலைக் கரை வரைக்கும் என் உருவத்தைச் சுற்றி ஓடிய வெள்ளைக் கோட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

ஆனையூரில் மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் வந்த தரகர், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "அண்ணே, கோவிச்சுக்கிராதீக. போட்டோவுல பிள்ளையச் சுத்தி வெட்டுன கோடு தெரியுதாம். வேற ஏதோ போட்டோவுல இருந்து பிள்ளைய மட்டும் வெட்டி ஒட்டிருக்குங்கிறாக" என்று இழுத்தார்.

"வேற எந்தப் போட்டோவுல இருந்து?" என்று அப்பா வெள்ளந்தியாகக் கேட்டார்.

"அதத்தான்ணே அவுகளும் கேக்குறாக. பக்கத்துல யாரு நின்னதுன்னு."

அப்பாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நிச்சயம் நின்றுபோன பெண்ணின் படத்திலிருந்து பழைய மாப்பிள்ளையைக் கத்தரித்துவிட்டு அடுத்த இடத்துக்குக் கொடுத்த கதைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. இப்போது அந்தக் கதையில் நான் இருந்தேன். "ஏற்கெனவே ஒருத்தன் இருந்தானாம்" என்ற பேச்சு ஒரு தெரு தாண்டினால் போதும், அதன்பிறகு எங்கள் வாசலுக்கு எந்தத் தரகரும் வரமாட்டார். அப்பா ஆபீசில் மேலதிகாரியிடம்கூட இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத மனிதர். அன்று தட்டின் முன்னால் உட்கார்ந்து பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நான் என் மூக்கைத்தானே திருத்தினேன், இதில் ஆண்பிள்ளை எங்கிருந்து வந்தான்?

"அவங்கள வீட்டுக்கு வரச் சொல்லுங்கப்பா. பக்கத்துல தொட்டிதான் நின்னுச்சுன்னு நானே காட்டுறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். பெண் பார்க்க வந்தால்தான் பஜ்ஜி, விசாரணைக்கு வந்தவர்களுக்குக் காபியே போதும் என்று அம்மா முடிவுசெய்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். கலங்கலான அசல் படத்தைத் திறந்து காட்டினேன்.

"இந்தா, இந்தத் தோள்பட்டைகிட்ட யாரோ கைபோட்ட மாதிரி இருக்கே?"

"அது துணி காயப்போடுற கொடிம்மா."

அவர் கண்முன்னாலேயே அன்ஷார்ப் மாஸ்க்கை ஏற்றினேன். ஏற ஏற, என்னைச் சுற்றி வெள்ளைக் கோடு முளைத்தது. படத்தில் இல்லாத எதையும் இது கொண்டுவருவதில்லை, ஒரு நிறம் இன்னொரு நிறத்தைத் தொடும் ஓரத்தில் வெளுப்பை இன்னும் வெளுப்பாக, கறுப்பை இன்னும் கறுப்பாக ஆக்குகிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். (மூன்று நாள் படித்துத் தெரிந்துகொண்டது. முதலிலேயே படித்திருக்கலாம்.)

"இது நீயா போட்டுக் காட்டுற வித்த. நான் எம்புட்டுப் பாத்திருக்கேன்" என்றார் அவர்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர்கள் மெயிலில் அனுப்பியிருந்த மாப்பிள்ளையின் படத்தைத் திறந்தேன். அதே அளவு ஏற்றினேன். மீசை இரும்புக் கம்பியாக விறைத்தது. காது, தோள், சட்டைக்கை என்று அவரைச் சுற்றியும் பளீரென்று ஒரு வெள்ளைக் கோடு எழுந்து நின்றது. காபித் தட்டோடு கதவோரம் நின்ற அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அப்பத் தம்பி பக்கத்துல யாரு நின்னது?"

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு. அவர் அம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி, சந்தேகம் தீந்துச்சு. மேற்கொண்டு பேசுவோம்" என்றார்.

அப்பா எழுந்து நின்றார். "இல்லம்மா. இல்லாத ஒருத்தன் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுட்டான். இனி எம்மக தனியா நின்னாலும் பக்கத்துல நீங்க அவனத்தான் தேடுவீக. நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்."

தோள் துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஆனாலும் சொல்லிவிட்டார். அப்பா அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். (அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள் ஞாபகத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

அடுத்துப் பெண் பார்க்க வந்தவர் உசிலம்பட்டிக்காரர். அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே அம்மா இந்தக் கதை முழுவதையும் ஒப்பித்துவிட்டாள். அவர் கேட்டது ஒன்றுதான்: "பக்கத்துல நின்ன அந்த ஆளுக்கு என்ன பேருங்க?" அவரையே கட்டிக்கொண்டேன். பேர் இல்லாமல் இருந்தவனுக்குத் தம்பி பேர் வைத்தான், ஓரத்து மாமா. என் மகள் பள்ளிக்கூடம் போகும் வயது வரை அப்படி ஒரு மாமா நிஜமாகவே வெளியூரில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தாள். எந்த விசேஷத்தில் குடும்பமாகப் படம் எடுக்க நின்றாலும் யாராவது ஒருவர், "ஓரத்து மாமாவுக்கு எடம் விடுங்கப்பா" என்று குரல் கொடுப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிக்கமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் துண்டைச் சரிசெய்வார். அவருக்கு அது ஆறவில்லை என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளை விசேஷமாக வைத்தோம். மாலையும் கழுத்துமாக அவரை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் நாங்கள் நின்றோம். போட்டோக்காரர், "நெருங்கி நில்லுங்க, இன்னும் நெருங்கி" என்று கத்திக்கொண்டிருந்தார். அப்பா திரும்பி, என் கணவரின் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

"மாப்பிள்ள, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்களுக்கு மூத்தவர் ஒருத்தர் இருக்காருல்ல."

சொல்லிவிட்டு, மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கணவர் நகர்ந்ததும் எனக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, வரவேண்டியவர் வரட்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.