துவரம்பருப்பு வாசித்த சிந்தசைசர்

ஆவடி வட்டாரத்திலேயே தவளைக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர் எங்கள் உஷ்தான். தவளை கத்தினால் நாமெல்லாம் ஜன்னலைச் சாத்துவோம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். சேக்காட்டில் எங்கள் அடுக்குமாடிக்கு அவர் குடிவந்த புதிதில், படியில் பார்த்து, "தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியுமா?" என்று கேட்டேன். விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்றார். ஏதோ ஒரு வீட்டில் துக்கம் போலிருக்கிறது என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே கையைக் காட்டி, "டிரான்ஸ்பார்மர், மச்சான். இன்னா சுருதி பாத்தியா, ஒரு இஞ்ச் நவுரல" என்றார். அன்றிலிருந்து அவர் உஷ்.

திருமழிசையில் ஒரு ஹாரன் கம்பெனியில் அவருக்கு வேலை. லாரி ஹாரன், பஸ் ஹாரன், பைக் ஹாரன் எல்லாவற்றையும் அடித்துப் பார்த்து "சரி" சொல்வதுதான் உத்தியோகம். பகலெல்லாம் காதில் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு வருகிற மனிதன் ராத்திரி என்ன செய்வான்? நீங்களும் நானும் என்றால் குப்புறப் படுத்துத் தூங்குவோம். உஷ் இசையமைத்தார்.

இசை என்றால் நீங்கள் நினைக்கிற இசை இல்லை. பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. ராத்திரியில் ஊர் போடுகிற சத்தங்களை மைக் வைத்துப் பிடித்து வருவார். அதற்கு அடியில் சிந்தசைசர் என்கிற கீபோர்டில் ஒரு சுரத்தை நீளமாக இழுத்து விடுவார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆம்பியன்ட் மியூசிக் என்று பெயர் சொன்னார். "கேக்கவும் கேக்கலாம், கேக்காமலும் கீலாம் மச்சான். ரெண்டுக்கும் ஒண்ணும் கோச்சிக்காது" என்று விளக்கம் வேறு.

முதல் தடவை அவர் வீட்டுக்குள் போனபோது தரையெல்லாம் ஒயர். இடியாப்பத் தட்டைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. நடுவில் ஒரு பழைய சிந்தசைசர். அதிலிருந்து கனமாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. வாசிப்பவரைக் காணோம். கட்டைமேல் ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட் உட்கார்ந்திருந்தது. உஷ் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ், பருப்பு வாசிக்குதே."

"இருபது நிமிஷம் ஒரே கட்டைய அமுக்கிகினு இருந்தா கை வலிக்காதா மச்சான்? மொதல்ல உப்பு வெச்சேன். பேஸ் பத்தல."

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். "சாம்பார் வைக்கணும்னா பாட்டை நிறுத்தணுமா அவரு?" என்று கேட்டாள்.

மழை பிடித்துக்கொண்டால் உஷ்ஷைக் கையில் பிடிக்க முடியாது. எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை. மழைநீர் தேங்கினால் அங்கே தவளை மாநாடுதான். உஷ் தன் மைக்குக்குக் குரங்குக் குல்லா மாட்டி, கழியில் கட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பார். காற்று அடித்தால் மைக்குக்கு ஆகாதாம். அவர் தலை நனைந்துகொண்டிருக்கும், மைக் குல்லாவுக்குள் பத்திரமாக இருக்கும்.

ஒருநாள் ரோந்து போலீஸ் வந்துவிட்டது. இருட்டில் கழியோடு நிற்கிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்குப் போன் வந்து ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஏட்டு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து நின்றிருந்தார்.

"இன்னாய்யா இது, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கீது?"

"அந்த எடது பக்கம் கேளுங்க சார். அது பெரியவரு. அவரு ஆரம்பிச்சாதான் மத்தவங்க பேசுவாங்க."

ஏட்டு தலையாட்டினார். எல்லாம் சுமுகமாக முடிகிற நேரத்தில், அவர் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரவென்று கத்தியது. உஷ் சற்றும் யோசிக்காமல், சட்டத்தின் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, "உஷ்" என்றார்.

ஏட்டு உஷ்ஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியின் சத்தத்தைக் குறைத்தார். தவளைகள் மாநாட்டைத் தொடர்ந்தன.

போலீஸை வென்றவருக்கு எங்கள் அடுக்குமாடி சங்கத்துச் செக்ரட்டரியை வெல்ல முடியவில்லை. செக்ரட்டரி ஈரோட்டுப் பக்கம். நல்ல மனிதர்தான், கண்டிப்பு ஜாஸ்தி. கூட்டத்தில் பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் கண் சொருகித் தூங்கிவிடுவார். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து பேசுவார். அப்படி ஒரு தூக்கத்துக்கு முன்னும் பின்னுமாக அவர் அறிவித்தது இது: "ராத்திரி நேரத்துல மொட்டமாடி, காம்பவுண்டு எல்லாம் சுத்தற ஆளு நமக்கு... வேண்டாமுங்க. ஓனருகிட்டச் சொல்லி காலி பண்ணச் சொல்லியாச்சுங்க."

உஷ்ஷுக்கு நோட்டீஸ் வந்தது. "எங்க போனாலும் ராத்திரி வரும் மச்சான்" என்று சிரித்தார். ஆனால் அந்த வாரம் ஒருநாளும் அவர் வீட்டிலிருந்து பருப்புச் சத்தம் கேட்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பொங்கல் விழாவுக்குக் கலைநிகழ்ச்சி ஏற்பாடு என் தலையில்தான் விழுந்திருந்தது. உஷ்ஷை மேடையேற்றிவிட்டால், இந்த மனிதன் திருடன் இல்லை, கலைஞன் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவரும் சிலிர்த்துப்போய் புதிதாக ஒன்று தயார் செய்தார்.

கார் நிறுத்துமிடத்தில் சாயங்காலம் விழா. கோலாட்டம் முடிந்தது, குழந்தைகளின் மாறுவேடம் முடிந்தது. உஷ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து மைக்கைப் பிடித்தார்.

"நம்ம பில்டிங்ல பைப்பெல்லாம் எறங்குதே ஒரு சந்து, அதுக்குள்ள ராத்திரில கயிறு கட்டி மைக்க உட்டேன். தண்ணி சொட்ற சத்தத்துக்காவ உட்டது. உள்ள ஒரு மோட்டார் ஓடிகினு இருந்துச்சி பாருங்க, அத கேட்டுட்டு ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்கல. அப்டி ஒரு மோட்டாரு. அத வெச்சி பண்ணது இது."

சிந்தசைசர்மேல் பருப்பை வைத்தார். ஜனங்கள் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமல்.

முதலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பின்னால் மெல்ல ஒரு சுரம். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று யாரோ கேட்டார்கள். அப்போது வந்தது மோட்டார். கர்ர்ர் என்று ஏறி, உச்சியில் ஒரு விசில் அடித்து, புர்ர்ர் என்று இறங்கியது. வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் வேறு. பந்தலில் கட்டியிருந்த கரும்பு அதிர்ந்தது.

முன்வரிசையில் செக்ரட்டரியின் மனைவி மல்லிகா அக்கா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, இது நீங்கதானுங்க."

"நானா? மோட்டாருன்னு தம்பிதான் சொல்றாப்லயே."

"இத்தன வருசமாக் கேக்கறேன். எனக்குத் தெரியாதுங்களா? நம்ம ரூம் ஜன்னலு அந்தச் சந்துப் பக்கந்தானுங்களே."

அவ்வளவுதான். சிரிப்பு முன்வரிசையில் பிடித்து, பின்வரிசைக்கு ஓடி, வாட்ச்மேன் வரை போனது. மாறுவேடத்தில் இருந்த குட்டி அவ்வையார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். செக்ரட்டரியின் முகம் தக்காளியானது. உஷ் மட்டும் சிரிக்கவில்லை. மோட்டார் மனிதராக மாறியதை நம்ப முடியாமல் நின்றார்.

ஸ்பீக்கரில் குறட்டை இன்னொரு முறை உச்சிக்கு ஏறியது. அங்கேயே நின்றது. தண்ணீர் சொட்டியது. சுரம் ஓடியது. குறட்டை இறங்கவில்லை. சிரித்துக்கொண்டே எல்லோரும் காத்திருந்தோம். தண்ணீர் இன்னும் சொட்டியது. சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக அணைந்தது. மல்லிகா அக்கா எழுந்து நின்றுவிட்டார். கடைசியில், தண்ணீருக்குள்ளிருந்து ஆளைத் தூக்கிய மாதிரி ஒரு பெரிய திணறலோடு மூச்சு திரும்பி வந்தது.

"தம்பி, இந்த எடத்துல நீங்க ஏதாச்சும் வெட்டி ஒட்டினீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. அப்டியேதான் கீது. ராத்திரி பூரா இப்டிதான் நின்னு நின்னு வருது."

"கொறட்டைக்குப் பயந்து நான் காதுல பஞ்ச வெச்சுட்டு ஹால்ல படுத்துக்குவனுங்க. இவரு மூச்சு விடாம இருக்கறது எனக்கு எங்க தெரியும்?"

செக்ரட்டரி எழுந்தார். "என்னோட கொறட்டைய ஸ்பீக்கர்ல போட்டுட்டான். நான் கேஸ் போடப் போறனுங்க."

"மொதல்ல மூச்சு விடுங்க. அப்புறம் போடலாம்" என்றார் அக்கா.

அடுத்த வாரமே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, தூங்கவைத்துப் பார்த்தார்களாம். தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து நின்றிருக்கிறது, இப்படியே விட்டிருந்தால் இதயத்தைப் பதம் பார்த்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு மெஷினும் கொடுத்தார்.

இங்கே உஷ் ஒடுங்கிக் கிடந்தார். நான் போனபோது பருப்பு சமையலறை அலமாரியில் இருந்தது.

"கொறட்ட நிக்கற அந்த கேப்ப நா எத்தினி வாட்டி ரசிச்சிருப்பேன் மச்சான். இன்னா அமைதிடான்னு கண்ண மூடிகினு கேட்டேன். அங்க ஒரு மனுசன் மூச்சில்லாம கெடந்திருக்காரு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது கதவு தட்டப்பட்டது. செக்ரட்டரி. முகம் தெளிந்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார்.

"தம்பி, அந்த மோட்டாரு பாட்ட என் போனுக்கு அனுப்புங்க. டாக்டர் கேக்கறாருங்க." கொஞ்சம் கனைத்துக்கொண்டார். "அப்புறம், அந்த நோட்டீஸ அம்மிணி கிழிச்சுப்புட்டா. நீங்க இங்கயே இருங்க."

உஷ்ஷுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார்" என்றார். மறுபடி "சார்" என்றார். ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

"அந்த மெஷின் சத்தம் எப்டி கீது சார்?"

செக்ரட்டரி யோசித்தார். "ஸ்ஸ்ஸுன்னு இருக்குதுங்க. பாம்பு படுத்திருக்கற மாதிரி."

"ஒரே ஒரு வாட்டி சார்."

"சந்துக்குள்ள கயிறு உட வேண்டாம். கதவத் தட்டிட்டு வாங்க."

எல்லாம் நன்றாக முடிந்ததில் எங்களுக்கு ஒரே ஒரு கஷ்டம். நன்றாகத் தூங்கி எழுகிற செக்ரட்டரி இப்போது கூட்டத்தில் கண் அசருவதே இல்லை. கூட்டம் முடிய ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடுகிறது.

உஷ் போன வருடம் கம்பெனிக்குப் பக்கமாகத் திருமழிசைக்கே வீடு மாறிவிட்டார். ஒரு லோடு ஆட்டோ நிறைய ஒயர். மல்லிகா அக்கா வழிநெடுகச் சாப்பிட முறுக்குக் கட்டிக் கொடுத்தார். சேக்காட்டிலிருந்து திருமழிசைக்கு அரை மணி நேர வழிதான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

போன மாதம் நல்ல மழையில் அவரிடமிருந்து போன். "மச்சான், பேசாத. வீட்டு பின்னால தகர ஷீட்டு. கேளு" என்றார். காதில் வைத்துக்கொண்டேன். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது, ஓர் ஓரத்தில் சன்னமாக, மற்ற இடமெல்லாம் தடதடவென்று. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் மனைவி அந்தப் பக்கம் வந்தவள் நின்று பார்த்தாள்.

"யாரு போன்ல? ஒரு வார்த்தையும் பேசக் காணோம்?"

"உஷ்தான்" என்றேன். "ரொம்ப நேரமா பேசிட்டிருக்கோம்."