பதிமூன்று மணிக்கு மூடும் வால்வு

நம் பக்கத்தில் ஒருவனுக்குப் பெண் கிடைக்க வேண்டுமென்றால், அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதை ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். வாத்தியார், பேங்க், கண்டக்டர், லேத் ஆபரேட்டர் என்றால் சிக்கலே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஓசூரில் நான் பார்த்த வேலையைச் சொல்ல மூன்று மூச்சு தேவைப்பட்டது. மூன்றாவது மூச்சு முடிவதற்குள் பெண்ணின் அப்பா, "உங்க ஊரு ஊத்தங்கரைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று எங்களை அக்கறையாக விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த வேலை இதுதான். ஓசூர் தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கம்பெனி. இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டிகளைச் செய்வோம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிப். அந்தச் சிப்புக்குள் ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். நீ வால்வைப் பார், நீ பட்டனைப் பார் என்று நாலைந்து வேலைகளை நேரம் தவறாமல் முறைவைத்து நடத்துவது அதன் பொறுப்பு. அதற்கு மேல்பகுதி, அடிப்பகுதி என்று இரண்டு உண்டு. மேல்பகுதி எழுதுகிறவர்களுக்கு மரியாதை அதிகம். நான் அடிப்பகுதி. சிப்போடு நேருக்கு நேர் பேசுகிற புரோகிராம் என் கையில் இருந்தது. சிப் மாறினால் அதையும் மாற்ற வேண்டும். (இவ்வளவையும் கேட்ட என் பெரியம்மா, பெண் வீடுகளில் சுருக்கமாகச் சொன்னது: "ஏதோ கரண்ட் வேலைங்க. ஆனா கம்பத்துல ஏற மாட்டான்.")

காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருந்த வேடியப்பன் மாமா மட்டும் பஸ் நேரத்தைக் கேட்கவில்லை. பெரியம்மா வழியில் தூரத்துச் சொந்தம். அவருடைய மகள் சுகுணா, கெமிஸ்ட்ரி படித்துவிட்டு கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கூழின் தரம் பார்க்கும் லேபில் வேலை செய்துகொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பஜ்ஜித் தட்டை நீட்டிவிட்டு, என் மூன்றாவது மூச்சு முடியும்வரை நின்று கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

"நீ சொல்றது எனக்கு வெளங்கல தம்பி" என்றார் மாமா. "கண்ணால பாத்தாத்தான் வெளங்கும். எங்க தோட்டத்து மாங்கா போற, சுகுணா வேல பாக்கற ஃபேக்டரிக்கு உங்க பெட்டி வெச்ச மெஷின்தான் வருதாமே? அன்னைக்கு நான் வரேன். நீ என்ன வேல பாக்கறேன்னு பாத்துட்டு, அப்புறம் பேசலாம்."

ஆக, பெண் கிடைப்பதும் கிடைக்காததும் டின்னில் கூழ் நிரப்பும் ஒரு வால்வின் கையில் வந்து நின்றது.

இந்த நேரம் பார்த்து, நாங்கள் வழக்கமாகப் போடும் சிப் பெங்களூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. புது சிப் வந்தது. அடிப்பகுதியை மாற்றி எழுத உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் அதை எழுதியவன் ஹரி. (ஓசூரில் நன்றாக வேலை தெரிந்தவர்கள் செய்வதைத்தான் அவனும் செய்தான். பெங்களூருக்குப் போய்விட்டான்.) அவன் எழுதியதில், நேரம் கணக்குப் போடும் இடத்தில் நாலு வரி இருந்தது. எதற்கென்று அவன் ஒரு வார்த்தை குறிப்பு எழுதவில்லை. நானும் எவ்வளவோ உற்றுப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. எனக்கே புரியாத ஒன்றுக்கு அவசியம் எப்படி இருக்க முடியும் என்று இருபத்தைந்து வயதுக்குரிய தெளிவோடு முடிவுசெய்து அந்த நாலு வரியையும் எடுத்துவிட்டேன். எடுத்ததை முதலாளி நாகராஜ் சாரிடம் போய்ப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். "பழைய குப்பைய எல்லாம் க்ளீன் பண்ணிட்டேன் சார்."

பட்டறையில் சோதித்துப் பார்த்தோம். பிரமாதமாக ஓடியது. ஓசூரில் அப்போது கரண்ட் எங்களோடு கண்ணாமூச்சி ஆடும். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்தால் பக்கத்துப் பட்டறைக்காரர் கவலைப்பட்டு வந்து விசாரிப்பார். கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் என் பெட்டி புதிதாகப் பிறந்து, பிறந்த குழந்தையின் சமர்த்தோடு வேலை செய்தது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

மாங்கூழ் தொழிற்சாலையில் புது மெஷினுக்குப் பூஜை போட்ட நாள் ஒரு வெள்ளிக்கிழமை. தொழிற்சாலை முதலாளி ராமண்ணா வீட்டில் கன்னடம், ஆட்களிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மூன்றும் ஒன்றாக வரும். பெங்களூரிலிருந்து அவருடைய சம்பந்தி வரவேண்டியிருந்தது. அவர் வந்து சேர மதியம் ஆகும். அதற்குள் ராகுகாலம் குறுக்கே கிடக்கிறது. ராமண்ணா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ராகுகாலத்துக்கு முன்னாலயே கற்பூரம் காட்டி மெஷினை ஆன் பண்ணிடலாம். அது பாட்டுக்கு ஆன்ல நிக்கட்டும். சம்பந்தி வந்ததும் டின் நிரப்பலாம். ஒண்ணு மட்டும், பூஜை போட்டு ஆன் பண்ண மெஷினை முதல் லோடு முடியற வரைக்கும் யாரும் ஆஃப் பண்ணக்கூடாது."

பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சாமந்திச் சரம் சுற்றினார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். நல்ல நேரத்தில் ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நடுவில் கரண்ட் போனபோதுகூட விளக்கு சிமிட்டவில்லை. ராமண்ணா பூஜைக்காகவே ஜெனரேட்டரை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தார்.

மாமா வந்தார். வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை, தோளில் வெளுத்த துண்டு. கண்கூசும் வெண்மை. அவருக்கு விளக்கிக் காட்டலாமென்று சட்டைப்பையிலிருந்து ஒரு உபரி சிப்பை எடுத்தேன். நிலைமின்சாரம் தாக்கிவிடாமல் இருக்க, சிப்பை அப்போதெல்லாம் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளில்தான் சுற்றி வைப்போம். நாகராஜ் சார் புகைப்பார், நாங்கள் தாளைச் சேகரிப்போம்.

மாமா அந்தத் தாளையே பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தன பாக்கெட்டு தம்பி?"

"ஐயோ மாமா, இது எங்க முதலாளி பிடிச்சது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

ராகுகாலம் முடிந்தது. சம்பந்தி வந்தார். முதல் நாள் என்பதால் கூழைச் சூடேற்றவில்லை. அந்த வருஷத்தின் முதல் செந்தூரா மாம்பழத்தைப் பிழிந்த பச்சைக் கூழ், பம்பின் அழுத்தத்தில் குழாய் முனையில் காத்திருந்தது. பட்டனை அழுத்தினேன். டின் வந்து நின்றது, வால்வு திறந்தது, கூழ் இறங்கியது, டக்கென்று மூடியது. அடுத்த டின். டக். அடுத்தது. டக். எல்லோரும் கைதட்டினார்கள். லேப் வாசலில் வெள்ளைக் கோட்டோடு சுகுணா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா குனிந்து, முகத்தைக் குழாய்க்கு வெகு அருகில் கொண்டுபோனார். "அட, அளந்த மாரி நிக்குதே. இத யாரு நிறுத்தறது?"

"நான்தான் மாமா" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் வேறு எதையும் சொன்னதில்லை.

அதற்கடுத்த டின்னுக்கு வால்வு திறந்தது. மூடவில்லை.

டின் நிறைந்தது. வழிந்தது. மேசையில் ஓடியது. நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினேன், குத்தினேன், கெஞ்சினேன். கூழ் என் செருப்பை எட்டியது. இந்தக் கட்டத்தில் மூளை உள்ள யாராக இருந்தாலும் மெயின் ஸ்விட்சுக்கு ஓடியிருப்பார்கள். நானும் அந்தப் பக்கம் திரும்பினேன். "பேடா! வத்து! வேணாம்!" என்று ராமண்ணா மூன்று மொழியிலும் கத்தினார். பூஜை போட்ட மெஷின் அல்லவா.

ஆகவே, பொறியியல் படித்த நான், குழாய் முனையை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி அடைத்தேன்.

தோட்டத்தில் ரப்பர் குழாயை விரலால் அடைத்து விளையாடிய யாருக்கும் அடுத்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கீழே போய்க்கொண்டிருந்த கூழ் பக்கவாட்டில் விசிறி போலக் கிளம்பியது. முதல் வீச்சு மாமாவின் முகத்தில். இரண்டாவது அவர் சட்டையில். அவர் திரும்பி ஓடப் பார்த்தபோது மூன்றாவது முதுகில். பதறிப்போய் நான் கையை அப்படித் திருப்பினால் ராமண்ணா, இப்படித் திருப்பினால் சம்பந்தி. கையை எடுத்துவிடலாம் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

சுகுணா நிதானமாக நடந்து வந்தாள். கூழை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப்போய், யாரையும் கேட்காமல், மெயின் ஸ்விட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். வால்வு டக்கென்று மூடியது.

மாமா தலை முதல் கால் வரை மஞ்சளாக, மாரியம்மன் திருவிழாவில் மஞ்சத்தண்ணி ஊற்றப்பட்ட மாமன் மாதிரி நின்றிருந்தார். ராமண்ணாவின் சம்பந்தி மட்டும் மீசையில் இருந்ததை விரலால் வழித்து நக்கிவிட்டு, "ருசி சென்னாகிதே" என்றார். நல்ல ருசியாம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெண் போயிற்று, வேலையும் போயிற்று என்று குழாய்க்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். சுகுணா ஒரு பழைய துணியை நீட்டினாள். "ஏன் நிக்கல?" என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

காலையில் எப்போது ஸ்விட்ச் போட்டோம், இப்போது மணி என்ன என்று கணக்குப் பார்த்தேன். அப்போதுதான் ஹரியின் நாலு வரி கண்முன்னால் வந்து நின்றது.

"நம்ம வீட்டுக் கடிகாரத்துல பன்னெண்டுக்கு மேல நம்பர் இல்லைங்க" என்றேன். (ரயில்வேக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.) "பன்னெண்டு ஆனதும் திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும். இந்தச் சிப்புக்குள்ள இருக்கற கடிகாரமும் அப்படித்தான். ஆன் பண்ணி ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆனா, எண்ண முடியாம மறுபடி முதல்லேர்ந்து எண்ணும். பன்னெண்டு மணிக்கு ஒருத்தன்கிட்ட, இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு மூடுன்னு சொல்லணும்னா எப்படிச் சொல்லுவீங்க?"

"ஒரு மணிக்கு மூடுன்னு."

"நான் பதிமூணு மணிக்கு மூடுன்னு சொல்லிட்டேங்க. அதைச் சரிபண்றதுக்குத்தான் அங்க நாலு வரி இருந்திருக்கு."

அவள் யோசித்தாள். "அப்போ வால்வு பதிமூணு மணி அடிக்கட்டும்னு காத்துட்டிருந்துது."

"ஆமாங்க. பட்டனைப் பாக்கற வேலையும் அதே மணிக்கு அலாரம் வெச்சுத் தூங்கிட்டிருந்துது."

"அடிக்கவே அடிக்காது."

"ஆமாங்க."

அவள் சிரித்தாள். என் வேலை என்னவென்று இந்த உலகத்தில் ஒருவருக்குப் புரிந்துவிட்டது. அந்த நிலைமையிலும் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

ஓசூர் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர், "டிக்கெட் உங்களுக்கு மட்டுந்தானா, கூட வர்ற ஈக்கும் சேத்தா?" என்று கேட்டார். நாகராஜ் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு சிகரெட் பற்றவைத்து, வெள்ளித்தாளை என்னிடம் நீட்டி, "அந்தக் குப்பைய எடுத்த எடத்துலயே திரும்பப் போட்டுட்டு வா" என்றார். போட்டேன். அந்த நாலு வரிக்கு மேலே, ஹரி எழுதாத குறிப்பையும் எழுதினேன்: "இதை எடுத்தால் மாமனார் நனைவார்." அப்போது அவர் மாமனாராக ஆகப்போவதில்லை என்றுதான் நினைத்தேன். ஒரு ஆசைதான்.

மறு சோதனைக்கு ராமண்ணா சம்மதித்தார். பூஜை வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். காலையில் ஆன் செய்து நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்று பேச்சு. நான் எதிர்பார்க்கவே இல்லை, மாமாவும் வந்தார். இந்த முறை பழைய காவிச் சட்டை. ஒரு நாற்காலியை மெஷினிலிருந்து தூரத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, கூரைக்குக் கீழே, கருப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றே முக்கால் மணி நேரம் நெருங்கியது. மாமா குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்தார். வால்வு திறந்தது. டக். திறந்தது. டக். அந்த இடத்தைத் தாண்டி வால்வு தன் பாட்டுக்கு மூடிக்கொண்டே போனது. மாமா மட்டும் சாயங்காலம் வரை குடையை மடக்கவில்லை.

புறப்படும்போது சுகுணாவைக் கூப்பிட்டு, என் காதில் விழும்படியே கேட்டார். "பையன் நிறுத்தக் கத்துக்கிட்டான் போலிருக்குது. நீ என்னம்மா சொல்ற? நாளப்பின்ன யோசிச்சுச் சொல்றியா?"

"பதிமூணு மணி வரைக்கும் எல்லாம் காத்திருக்க வேணாம்ப்பா" என்றாள் அவள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடக்கவே நடக்காத காரியத்துக்கெல்லாம் அதுதான் நேரம். ஒழுகும் பைப்பை நான் அப்புறம் சரிபண்ணுகிறேன் என்றால், என் மகள்கூட "பதிமூணு மணிக்காப்பா?" என்பாள். மாம்பழ சீசனில் நான் ஜூஸ் ஜாடியோடு வந்தால் மாமனார் பேசாமல் குடையைத் தேடுவார்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்து வெகுநாள் கழித்து, அங்கே என் இடத்தில் இருந்த பையன் ஒருநாள் போன் செய்தான். சிப் மறுபடியும் மாறுகிறதாம். அடிப்பகுதியைத் திருத்திக்கொண்டிருக்கிறானாம்.

"சார், இந்த நாலு வரி எதுக்குன்னு புரியல. மேல மாமனார் நனைவார்னு எழுதியிருக்கு. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல சார். எடுத்துடட்டுமா?"

நான் பதறி வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுகுணா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எடுத்துப் பாருங்க தம்பி" என்றாள். "கல்யாணம் ஆயிடும்."